மழை வரும் என்பது மறைவானதை அறிவதா?

 

“நாளைக்குப் பலத்த மழை என்று வானொலியில் சொல்கிறார்கள். மறைவானதை அறிபவன் அல்லாஹ் ஒருவன்தானே, இதை நம்பலாமா?” என்று கேட்கும் தாய்மார் உண்டு. ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் உடுவில் போன்ற ஊர்களில் இது உயிரோடு தொடர்புள்ள கேள்வி.

2008 நவம்பரில் ‘நிஷா’ சூறாவளியின்போது யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 390 மில்லிமீற்றர் மழை கொட்டியது. நீங்கள் தொழும் முஸல்லா அளவு இடத்தில் மட்டும் சுமார் 300 லீற்றர் நீர்! குடாநாட்டில் பேராறு கிடையாது. கந்தரோடைப் பக்கமாகச் சென்று அராலியில் கடல்நீரேரியில் கலக்கும் வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். வடியாத வெள்ளம் வீட்டுக்குள் புகும். மலகூடக் குழியின் அழுக்கைக் கிணற்றோடு சேர்க்கும்.

லுக்மான் அத்தியாயத்தின் 34ஆம் வசனம், மழையை இறக்குபவன் அல்லாஹ்வே என்கிறது. அதில் ஐயமில்லை. ஆனால் ரூம் அத்தியாயத்தின் 48ஆம் வசனமோ, அவன் காற்றை அனுப்பி, முகிலைக் கிளப்பி, மழையைத் தருவதாக அதன் ஒழுங்கையும் காட்டுகிறது. வளிமண்டலவியல் திணைக்களத்தார் பார்ப்பது அந்த ஒழுங்கைத்தான். வங்கக் கடலில் உருவாகும் தாழமுக்கத்தைச் செய்மதிப் படங்களில் சில நாட்களுக்கு முன்பே காண்கிறார்கள். பிற்பகலில் திரளும் இடிமுகிலோ ஒரு மணி நேரமளவில் வளர்ந்து ஓய்ந்துவிடும். அது எந்த ஊரில் இடிக்கும் என்று முதல்நாளே திட்டமாகச் சொல்ல முடியாது. ஆகவேதான் “பெய்யக்கூடும்” என்கிறார்கள். அடையாளம் பார்த்து ஊகிப்பது வேறு, மறைவானதை அறிவது வேறு.

முகிலைக் கண்டால் நபி (ஸல்) அவர்களின் முகம் மாறிவிடும் என்று அன்னை ஆயிஷா (ரழி) அறிவிக்கிறார்கள். ஆது கூட்டத்தார் முகிலைப் பார்த்து மகிழ்ந்திருக்க, அதிலேயே வேதனை வந்ததை நபியவர்கள் நினைவூட்டினார்கள். கடும் மழைநாளில் வீடுகளிலேயே தொழுதுகொள்ளுமாறு பாங்கில் அறிவிக்கவும் மார்க்கம் இடந்தந்தது. பள்ளிவாசலுக்கே இந்தச் சலுகை என்றால், இடிமழையில் பிள்ளையை மத்ரஸாவுக்கு அனுப்பாதிருப்பது குற்றமாகுமா?

மின்னலைக் கண்டதும் எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் ஆபத்து அருகில். பிள்ளைகளைப் பனையடியிலிருந்தும் வயலிலிருந்தும் வீட்டுக்குள் அழையுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும்வரை வெளியே விடாதீர்கள். தொலைக்காட்சியின் இணைப்பை முகில் கறுக்கும்போதே கழற்றிவிடுங்கள். அடையாள அட்டை, மருந்துகளைப் பொலித்தீன் பையில் கட்டி உயரத்தில் வையுங்கள். வெள்ளம் வடிந்தபின், கிணற்றைச் சுத்திகரிக்கும்வரை அதன் நீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். ஆபத்தென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 இல் அழைக்கலாம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன மார்க்கம் இது. எச்சரிக்கையைக் கேட்பது தவக்குலுக்கு எதிரானதல்ல, ஒட்டகத்தைக் கட்டுவதுதான்.

யா அல்லாஹ்! எங்கள் மழையைப் பயனுள்ள மழையாக ஆக்குவாயாக. ஆமீன்.