ஒரே உலகத்தின் பல பிரதிகள்

கீழப்பழுவூரில், திருச்சி–சிதம்பரம் சாலையும் அரியலூர்–தஞ்சாவூர் சாலையும் சந்திக்கிற முக்கில், செல்போனில் 'பேட்டில்கிரவுண்ட்ஸ்' ஆடும் பையன்களைக் கேட்டால் "நூறு பேரு ஒரே மேப்புல எறங்குறோம்ணே" என்பார்கள். ஏன் நூறு, ஏன் ஆயிரம் இல்லை? இதை வெறும் ஆட்டவிதி என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. 'எல்லோரும் ஒரே உலகில்' என்கிற பெருங்கதையாடலின் உள்கணக்கு இதில்தான் இருக்கிறது.

பத்துப் பேர் உள்ள உலகில் ஒருவர் அசைந்தால் ஒன்பது பேருக்குச் சேதி போக வேண்டும். எல்லோரும் அசைந்தால் 90 சேதிகள். நூறு பேரென்றால் 9,900. ஆயிரம் பேரென்றால் 9,99,000. அதுவும் நொடிக்குப் பல தடவை. ஆள் பத்து மடங்கானால் வேலை நூறு மடங்காகிறது. கூடுதல் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டாலும் தீராது. ஒரே இடத்தில் நெருக்கியடித்து நிற்பவர்களைப் பல கம்ப்யூட்டர்களுக்குப் பங்குபோட்டால், அவை தமக்குள் பேசிக்கொள்ள வேண்டியது ஏறிவிடுகிறது.

இதற்குக் கண்ட வழிகள் மூன்று.

முதலாவது, பிரதியெடுப்பது. 2020 ஏப்ரலில் 'ஃபோர்ட்நைட்'டில் நடந்த ட்ராவிஸ் ஸ்காட் இசை நிகழ்ச்சியில் ஒரே நேரத்தில் 1.23 கோடிப் பேர் இருந்தார்கள். ஆனால் ஒரே மைதானத்தில் அல்ல. சிறுசிறு கூட்டங்களாக, மைதானத்தின் தனித்தனிப் பிரதிகளில்.

இரண்டாவது, பார்வையை வெட்டுவது. யார் உங்களுக்கு முக்கியம் என்று சர்வர் முடிவுசெய்யும். தொலைவில் இருப்பவர் பற்றிய சேதி அரிதாக வரும், அல்லது வரவே வராது. பொறியாளர்கள் இதற்கு 'இன்ட்ரஸ்ட் மேனேஜ்மென்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, ஆளைப் பிரிக்காமல் காலத்தை நீட்டுவது. 'ஈவ் ஆன்லைன்' விளையாட்டில் 2014 ஜனவரியில் நடந்த பெரும்போரில் மொத்தம் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். சர்வர் திணறியபோது அங்கே காலம் பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறக்கப்பட்டது. எல்லோருக்கும் ஒரே மாதிரித் தாமதம்.

2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் திருமணம் செய்துகொண்ட ஒரு ஜோடி, வரவேற்பை மெட்டாவெர்ஸில் நடத்தினார்கள். மணமகளின் மறைந்த தந்தையும் உருவம் கொண்டு வந்தார். தூரம் ஒழிந்ததே என்று வியந்தோம். இந்த உலகங்களுக்குத் தூரம் ஒரு பொருட்டில்லை. கூட்டமும் நெருக்கமும்தான் தாங்காது.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. ஊர்–சேரி என்கிற பிரிவினை நமக்குத் தெரியும். எந்தத் தெருவுக்குத் தேர் வராது என்பது கண்ணுக்குத் தெரிகிற கோடு. தெரிவதால்தான் மனுக் கொடுக்க முடிகிறது, மறியல் செய்ய முடிகிறது. பிரதிகளாகப் பிரிக்கப்பட்ட உலகில் கோடே தெரிவதில்லை. அடுத்த பிரதியில் இருப்பவனை நான் ஒதுக்கவில்லை. அவன் இருப்பதே எனக்குத் தெரியாது. மற்றமை என்று ஒன்று இல்லாமலே போய்விடுகிறது.

பொறியாளர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வரவில்லை. எங்காவது எதையாவது குறைக்காமல் கூட்டத்தைத் தாங்க முடியாது என்பதை மேலே சொன்ன கணக்கே காட்டும். ஆனால் எதைக் கொண்டு பிரிக்கிறார்கள் — இருக்கும் தேசத்தையா, மொழியையா, செலவழிக்கிற காசையா, நெட்டின் வேகத்தையா — என்பது கணக்கு அல்ல, அரசியல். 'ஈவ்' காட்டுகிற வழியில் எல்லோரும் சேர்ந்து மெதுவாக நகரலாம் என்கிற தெரிவும் இருக்கத்தான் செய்கிறது. அதற்கு எத்தனை பேர் சம்மதிப்போம்?