அசையும் தட்டும் கரிசல் முழங்காலும்

கழுகுமலையைச் சுற்றியுள்ள கரிசல் காட்டில் உளுந்துக்குக் களையெடுப்பது குத்தவைத்துத்தான். கோவில்பட்டிப் பக்கம் வீடுகளில் தீப்பெட்டி ஒட்டுவது தரையில் சம்மணம் போட்டுத்தான். முழங்காலை முழுசாக மடக்கியே பிழைத்த ஒருவருக்கு மூட்டு தேய்ந்து மாற்று அறுவை சிகிச்சை என்று வரும்போது, உள்ளே தட்டு அசையும் மாடல் இயற்கை மூட்டைப் போலவே இருக்கும் என்ற பேச்சு இனிக்கத்தான் செய்யும். ஆனால் முழு மூட்டு மாற்றில் அந்த அசைவால் கூடுதல் நன்மை உண்டென்று இதுவரை உறுதிப்படவில்லை. அதற்கே உரிய சிக்கலோ, தரையில் புழங்கும் நம் வாழ்க்கையோடு நேராக மோதுகிறது.

செயற்கை மூட்டில் தொடை எலும்பின் முனைக்கு ஓர் உலோக உறை, கீழ்க்கால் எலும்பின் மேல் ஓர் உலோகத் தளம், நடுவே பாலிஎத்திலீன் தட்டு. வழக்கமான வகையில் தட்டு தளத்தோடு பூட்டப்பட்டிருக்கும். அசையும் வகையில் வழவழப்பான தளத்தின் மேல் அது திரும்பும், சிலவற்றில் நகரவும் செய்யும். 1970களில் ஆக்ஸ்போர்டில் குட்ஃபெலோ, ஓ'கானர் இருவரும், அமெரிக்காவில் பியூக்கல், பாப்பாஸ் இருவரும் இதை உருவாக்கினார்கள். உரசும் பரப்பு அகன்றால் அழுத்தம் குறையும், தேய்மானமும் குறையும் என்பது அவர்கள் கணக்கு. அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு: தட்டைப் பிடித்து வைப்பது பூட்டு அல்ல, மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்களின் இறுக்கம். கால் மடங்கிய நிலையில் அந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் தட்டு திரும்பி வெளியே நழுவலாம். முழங்கால் திடீரென்று பூட்டிக்கொள்ளும், வீங்கும், நீட்ட முடியாது. பெரும்பாலும் மறுபடி அறுவை அரங்குக்குத்தான் போக வேண்டும். கிருமித்தொற்று, ரத்தக்கட்டு, உலோகம் எலும்பிலிருந்து தளர்வது ஆகியவை இரண்டு வகைக்கும் பொது. இந்த நழுவல் அசையும் வகைக்கு மட்டுமே உரியது.

தேய்மானம் குறைந்தால் வயது குறைந்தவர்களுக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். நியாயமான எதிர்பார்ப்புதான். ஆனால் இரண்டு வகைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டிய காக்ரேன் அமைப்பின் 2015ஆம் ஆண்டு மதிப்பாய்வு, வலியிலோ நடமாட்டத்திலோ தெளிவான வேறுபாடு எதையும் காணவில்லை. பாதி மூட்டை மட்டும் மாற்றும், தட்டு அசையும் ஆக்ஸ்போர்டு முறை, கை தேர்ந்தவர்களிடம் நீண்ட காலம் நன்றாக உழைத்திருப்பது உண்மை. அதிலும்கூட தட்டு நழுவுவது மேலை நாட்டவரைவிட ஆசிய நோயாளிகளிடம் அதிகம் பதிவாகியிருக்கிறது. தரையில் உட்கார்ந்து எழுவதையும் ஆழமாக மடக்குவதையும் மருத்துவர்கள் அதற்கு ஒரு காரணமாகக் காண்கிறார்கள்.

விலை கூடினால் மூட்டும் மேலானது என்று மயங்க வேண்டாம். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலைக்கு வரம்பு கட்டியபோது, பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று வைத்தது. மாடலைவிட, அதைப் பொருத்தும் கையே பெரிது. இந்த வகையை இதுவரை எத்தனை பேருக்கு வைத்திருக்கிறீர்கள், எத்தனை பேருக்குத் தட்டு நழுவியது என்று மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம். எந்த வகை வைத்தாலும் களைவெட்டு நின்றபடி, தீப்பெட்டி வேலை நாற்காலியில், வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட். மூட்டு திடுமெனப் பூட்டிக்கொண்டால் எண்ணெய் போட்டு நீவிவிடக் கூடாது. பொருத்திய மூட்டின் ஸ்டிக்கர் ஒட்டிய மருத்துவமனைச் சீட்டை எடுத்துக்கொண்டு அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் போய்விட வேண்டும்.