அம்மிச்சியிடம் பாடம் கேட்போம்!

சரவணம்பட்டிக்கு வந்து பாருங்கள்! சத்தி சாலையின் இருமருங்கும் கண்ணாடி மாளிகைகள். உள்ளே கணினி முன் கவிழ்ந்த தலைகள். 2011-இல் பேரூராட்சி மாநகராட்சியோடு இணைந்தது. வளர்ச்சியைக் கண்டு வயிறெரிவோர் அல்லர் நாம். ஆனால், இந்தக் கொங்கு மண்ணிலே கவலை ஓட்டிச் சால் சாலாக நீரிறைத்தவன், எண்ணிக்கை தவறாதிருக்கப் பாடினானே, அந்தப் பாட்டு எங்கே? மோட்டார் வந்தது, மாடு நின்றது, பாட்டும் நின்றது. மாட்டை மீண்டும் பூட்டச் சொல்லவில்லை. பாட்டை ஏட்டிலே ஏற்றக்கூடாதா என்றுதான் கேட்கிறோம்.

ஏற்றியவர் யார்? பெர்சி மாக்வீன் என்ற வெள்ளை அதிகாரி திரட்டிய பாடல்கள், கி.வா.ஜகந்நாதன் பதிப்பில் 1958-இல் ‘மலையருவி’ ஆயின. காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில், 1965-இல், உடுக்கை ஒலியோடு இரவிரவாகப் பாடப்பட்ட அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பிடித்தவர் பிரெண்டா பெக் என்ற அயல்நாட்டு அம்மையார். பிடித்ததோடு விட்டாரா? பின்னாளில் 26 பகுதி அசைபடமாக்கி, பிள்ளைகளுக்குப் பாடமாகவும் வைத்தார். கடல் கடந்து வந்தவருக்குத் தோன்றியது, கூப்பிடு தொலைவில் இருந்த நமக்கு ஏன் தோன்றவில்லை?

இதற்காகப் பழமை அனைத்தும் பொன் என்று பாடப் புறப்படவில்லை நாம். பொன்னரையும் சங்கரையும் ஊரறியும்; அவர்களோடு களத்தில் நின்ற சாம்புவனை எத்தனை பேர் அறிவர்? வேட்டுவர் பக்கத்துக் கதையை யார் சொல்வது? இந்தக் கேள்விகளைப் பிள்ளை கேட்க வேண்டும். கேட்பதற்குக் கதை கையிலே இருக்க வேண்டுமே!

கோவை மாவட்டத்து வள்ளி ஒயில் கும்மி ஆசான் பத்திரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். ஆண்களே ஆடிய கும்மியைப் பெண்களுக்கும் கற்பித்தவர் அவர். மகிழ்கிறோம். அந்த வேளையில் அவருக்கு வயது 87 என்பதையும் எண்ணிப் பார்க்கிறோம்.

ஆகவே ஆசிரியத் தோழர்களே, வாரம் ஒரு மாலை, பிள்ளைகளை ஏட்டோடு வீட்டுக்கு அனுப்புங்கள். தும்பி எது, வால்கயிறு எது, தாலாட்டில் வரும் மாமன் சீர் என்னென்ன, ஒப்பாரியில் அவள் யாரை ஏசுகிறாள் என்று கேட்டு எழுதட்டும். மொழிப்பாடம் அதிலுண்டு, கணக்குண்டு, வரலாறும் உண்டு. அம்மிச்சி முதலில், “எனக்கென்ன சாமி தெரியும்?” என்பாள். சற்றுப் பொறுத்திருக்கச் சொல்லுங்கள், பாடுவாள். எழுதி முடித்ததும், பக்கத்தின் தலைப்பில் அவள் பெயரை எழுதவும் சொல்லுங்கள்.