செல்லாக் காசு – 7: சேவல் போட்ட துட்டு

மலாய்க்காரர் ‘டுவிட்’ என்பதும் நாம் ‘துட்டு’ என்பதும் தற்செயலாக ஒத்துப்போன சொற்கள் அல்ல. இரண்டுக்கும் தாய் ஒன்றுதான்: டச்சுக் கம்பெனி புழக்கத்தில் விட்ட ‘டொய்ட்’ என்ற சின்னச் செப்புக் காசு. நாகப்பட்டினத்தில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த அதே கம்பெனிதான் மலாக்காவையும் ஆண்டது. 1799-இல் கம்பெனி கலைந்தது. சில்லறை மட்டும் இரண்டு மொழிகளிலும் ஒட்டிக்கொண்டது.

இதை இப்போது எடுக்கக் காரணம், நிபோங் திபால் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி. “அண்ணே, வெள்ளி விக்கிற விலைக்கு நம்மால முடியாது. காப்பர் ரவுண்ட் வாங்கிச் சேர்க்கலாமா?”

காப்பர் ரவுண்ட் என்பது பெரும்பாலும் அமெரிக்கத் தனியார் அச்சகங்கள் அடித்துத் தரும் செப்பு வில்லை. பார்க்கக் காசு மாதிரி இருக்கும், காசு அல்ல. அரசு முத்திரையும் இல்லை, செலவழிக்கும் மதிப்பும் இல்லை. ‘ஓர் அவுன்ஸ், 999 தூய்மை’ என்று மட்டும் பொறித்திருப்பார்கள். அந்த அவுன்ஸிலும் ஒரு சூட்சுமம். வெள்ளியும் தங்கமும் 31.1 கிராம் அவுன்ஸில் நிறுக்கப்படும். செம்புக்கு மளிகைக்கடை அவுன்ஸ், 28.35 கிராம். செம்பு டன் கணக்கில் விலை பேசும் உலோகம். ஆகவே வில்லைக்கு நாம் கொடுக்கும் பணத்தில் உள்ளே இருக்கும் செம்பின் விலை சிறு பங்குதான். கடல் தாண்டி வர அனுப்புகூலி வேறு. அழகுக்காக ஒன்றிரண்டு வாங்கு தம்பி, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சேமிப்பு என்று நினைத்து மூட்டை கட்டாதே.

அதோடு, தனியார் அடித்த செப்பு வில்லை நமக்குப் புதிதும் அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மலாய்க் கரையெங்கும் சில்லறைப் பஞ்சம். சிங்கப்பூர் வணிகர்கள் இங்கிலாந்தின் பர்மிங்காம் பட்டறைகளுக்குச் சொல்லி, தாங்களே செப்பு வில்லைகள் அடித்துத் தருவித்தார்கள். ஒரு பக்கம் நெஞ்சு நிமிர்ந்த சேவல். ஜாவி எழுத்தில் ‘தானா மெலாயு’, அதாவது மலாய் நாடு. மறுபக்கம் ‘சத்து கெப்பிங்’ என்ற மதிப்பும் ஹிஜ்ரி 1247 என்ற ஆண்டும். நம் கணக்கில் 1831. ராஜா பெயர் இல்லை, ஆங்கிலக் கம்பெனியின் பெயரும் இல்லை. அரசாங்கம் செய்யவேண்டிய வேலையை லாபத்துக்காக வியாபாரி செய்தார், அவ்வளவுதான். ஆனாலும் சந்தையில் மீனுக்கும் வெற்றிலைக்கும் அது செல்லுபடியானது. இன்றைய ரவுண்டுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது.

பினாங்குக்கென்றே அடித்த செப்புக் காசும் உண்டு. ஆங்கிலக் கம்பெனியின் சார்பில் பிரான்சிஸ் லைட் தீவில் இறங்கியது 1786-இல். அடுத்த ஆண்டுக்குள்ளேயே கல்கத்தாவில் அடித்த பைஸ் காசுகள் வந்துவிட்டன. 1825, 1828 ஆண்டுக் காசுகள் சென்னை நாணயச் சாலையில் அடித்தவை. நம் ஆட்கள் மட்டுமல்ல, சில்லறையும் சென்னையிலிருந்தே கப்பலேறியிருக்கிறது! நல்ல நிலையில் கிடைத்தால் இவற்றின் விலை நம் கைக்கு எட்டாது.

எட்டுவது செண்ட். விக்டோரியா ராணி தலையோடு ஆங்கிலக் கம்பெனியின் பெயரில் வந்த 1845 செண்ட், ‘இந்தியா ஸ்ட்ரெய்ட்ஸ்’ என்று பொறித்த 1862 செண்ட், 1872 முதல் நீரிணைக் குடியேற்றங்களின் பெயரிலேயே வந்தவை. 1919-இல் முனை மழுங்கிய சதுரமாக மாறியது. 1962-இல் மறுபடி வட்டம். தேய்ந்துபோன செண்டுகளை விற்பவர் கொஞ்சம் அலட்சியமாகத்தான் கிண்ணத்தில் கொட்டி வைத்திருப்பார். ஜார்ஜ் டவுன் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தை மாதிரி இடங்களில் குனிந்து கிளற வேண்டும்.

எனக்குப் பிடித்தது அந்தத் தேய்ந்த செண்ட்தான். கலிடோனியா, பைராம் என்று நிபோங் திபாலைச் சுற்றி இருந்த தோட்டங்களில் முதலில் கரும்பு, பிறகு ரப்பர். அங்கே நாள்கூலியே செண்டுக் கணக்கு. ராணியின் மூக்கு மழுங்கியிருப்பது எத்தனையோ மடிமுடிச்சுகளுக்குள்ளும் கடைக் கல்லாக்களுக்குள்ளும் புரண்டதால். பளபளக்கும் ரவுண்ட் எந்த மடியையும் பார்த்ததில்லை.

வாங்கியதும் ஒரு தவறு மட்டும் செய்யாதீர்கள். குத்துவிளக்கைப் போலப் புளி போட்டுத் தேய்ப்பது நம் கைப்பழக்கம். சிறுவயதில் நானும் ஒரு விக்டோரியா செண்டை அப்படித்தான் ‘அழகாக்கினேன்’. சேகரிப்பாளர் ஒருவர் அதைப் பார்த்து உச்சுக்கொட்டினார். காலம் ஏற்றிய பழுப்புதான் செம்பின் மதிப்பு. மெல்லிய பிவிசி உறையிலும் போடாதீர்கள், நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுக்கும்.

காசே செலவழிக்காமலும் தொடங்கலாம். மலேசியாவின் ஒரு சென், 1967-இல் வெண்கலமாகப் பிறந்தது. 1970-களில் செம்பு போர்த்திய எஃகு நுழைந்தது. 1989-இல் முரசு பொறித்த புதுவடிவம். 2008 ஏப்ரல் 1 முதல் கடையில் மொத்தத் தொகையை ஐந்து சென்னுக்குச் சரிக்கட்டத் தொடங்கியதும், ஒரு சென் தகர டப்பாக்களில் போய் ஒதுங்கியது. உங்கள் வீட்டு டப்பாவைத் தேடி எடுத்து, ஒரு காந்தத்தை அருகில் கொண்டுபோங்கள். ஒட்டிக்கொள்வது எஃகு. ஒட்டாமல் கிடக்கும் பாராளுமன்றக் கட்டடம் போட்ட பழைய ஒரு சென் கிடைத்தால், அதைத் தனியே எடுத்துவைத்து ஆண்டைப் பாருங்கள்.