கனடாவில் படிக்கும் மகன் பணத்தை எங்கே போடுவது?

திருவண்ணாமலையில் கிரிவலம் போகிறவர்கள் அடி அண்ணாமலையைக் கடந்துதான் போக வேண்டும். அந்த ஊரில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். தந்தை நிலத்தை அடமானம் வைத்து, மகனைக் கனடாவுக்குப் படிக்க அனுப்பியிருக்கிறார். மகன் படித்துக்கொண்டே வேலையும் பார்க்கிறான். கையில் கொஞ்சம் டாலர் மிஞ்சுகிறது.

ஒரு நாள் போனில் கேட்கிறான்:

"அப்பா, இங்கே வரி இல்லாத சேமிப்புக் கணக்கு இருக்கிறது. வெளிநாட்டு மாணவனும் தொடங்கலாமாம். தொடங்கட்டுமா?"

தந்தை என்ன சொல்வது?

அது என்ன கணக்கு?

கனடா சர்க்கார் 2009-ம் ஆண்டில் இந்தக் கணக்கைக் கொண்டு வந்தது. சம்பாதித்த பணத்தை இதில் போடலாம். அதற்கு வரும் வட்டிக்கும் லாபத்துக்கும் கனடாவில் வரி கிடையாது. திரும்ப எடுக்கும்போதும் வரி இல்லை.

யார் தொடங்கலாம்?

கனடா குடிமகனாக இருக்க வேண்டும் என்பது இல்லை. மூன்று தகுதிகள் போதும்.

முதலாவது, வயது 18 ஆகியிருக்க வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியா போன்ற சில மாகாணங்களில் 19.

இரண்டாவது, "சின்" என்னும் 9 இலக்க எண் வேண்டும். வெளிநாட்டு மாணவருக்கு இது 9-ல் தொடங்கும். வேலை செய்யலாம் என்று படிப்பு அனுமதிச் சீட்டில் எழுதியிருந்தால்தான் இது கிடைக்கும்.

மூன்றாவது, வரிச் சட்டப்படி அவர் கனடாவில் வசிப்பவராக இருக்க வேண்டும். குடியிருக்கும் வீடு, பாங்கிக் கணக்கு, தங்கிய நாட்கள் போன்றவற்றைப் பார்த்து இது முடிவாகும். சந்தேகம் இருந்தால் வரி இலாகாவிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

ஏமாறும் இடம்

இங்கேதான் மாணவர்கள் தவறு செய்கிறார்கள்.

2025-ம் ஆண்டு வரை சேர்த்து 1,02,000 டாலர் போடலாம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அது 2009 முதல் அங்கேயே வசிக்கும் பெரியவர்களுக்கு! புதிதாக வந்த மாணவனுக்கு, வந்த ஆண்டிலிருந்துதான் கணக்கு. 2025-ல் போய்ச் சேர்ந்தவனுக்கு அந்த ஆண்டின் அளவு 7,000 டாலர் மட்டுமே.

அவன் 10,000 டாலர் போட்டால்? 3,000 மிகுதி. அந்த மிகுதி கணக்கில் இருக்கும் ஒவ்வொரு மாதமும் நூற்றுக்கு 1 வீதம், அதாவது மாதம் 30 டாலர் தண்டம் கட்ட வேண்டும். வட்டி வாங்கப் போய் தண்டம் கட்டிய கதைதான்!

இரண்டு பாங்கிகளில் கணக்கு வைத்தாலும் மொத்த அளவு ஒன்றுதான்.

இன்னொன்று: அவசரத்துக்கு 2,000 டாலர் எடுத்தால், அந்த இடம் அடுத்த ஜனவரி 1-ந் தேதிதான் திரும்பக் கிடைக்கும். அளவு முழுவதும் நிரம்பியிருந்தால், அதற்கு முன்பு திருப்பிப் போடுவதும் மிகுதியே.

ஊர் திரும்பினால்?

கணக்கை மூட வேண்டியதில்லை. ஆனால் கனடாவில் வசிக்காதவர் புதிதாகப் பணம் போட்டால், அதற்கும் மாதம் நூற்றுக்கு 1 தண்டம் உண்டு. இந்தியாவில் நிலையாகக் குடியேறிய பிறகு, அந்த வருமானத்தை இங்கே வரிக் கணக்கில் காட்ட வேண்டியிருக்கும். கனடா வரியை விட்டது என்பதற்காக இந்தியாவும் விடும் என்று எண்ணக்கூடாது.

தந்தை சொல்ல வேண்டியது

"தொடங்கு, தம்பி. ஆனால் அடுத்த தவணைக் கல்லூரிக் கட்டணத்தை முதலில் தனியாக எடுத்து வை. அதைப் பங்கு வியாபாரத்தில் போடாதே. மிஞ்சியதை மட்டும் போடு. போட்ட தேதியையும் தொகையையும் ஒரு நோட்டில் எழுதி வை. பக்கத்து அறைப் பையனின் அளவு வேறு, உன் அளவு வேறு."

அடமானத்தில் இருக்கும் நிலத்தை மீட்க வேண்டிய பணம் அது. ஒரு டாலர்கூடத் தண்டமாகப் போகக்கூடாது.