மலைமேல் டீச்சர்... மடியில் பச்சைக் குழந்தை!

“டீச்சருக்குப் பிள்ளை பிறந்திருக்காம்!”

பாபநாசத்துக்கு மேலே காணிக் குடியிருப்புகளில் இந்தச் சேதி பரவ அரை நாள் போதும். மறுநாளே ஒருவர் தேன் கொண்டு வருவார். இன்னொருவர் மரச்சீனிக் கிழங்கு, மிளகு என்று கொண்டு வந்து வைப்பார். பாசத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி? அது மலைக்குக் கீழே அல்லவா இருக்கிறது!

தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலைச் சரிவில் சின்னமயிலாறு, பெரியமயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி என்று காணிப் பழங்குடி மக்கள் வாழும் ஊர்கள் இருக்கின்றன. 1988-ல் அமைந்த களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகத்துக் காட்டு ஊர்கள் இவை. இஞ்சிக்குழிக்குப் போக வேண்டுமானால் காரையாறு அணையையும் தாண்டிக் காட்டுக்குள் போக வேண்டும். யானையும் கரடியும் நடமாடும் வழி. எல்லா இடத்திலும் செல்போன் சிக்னல் கிடைக்காது.

இப்படிப்பட்ட ஊர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போகும் ஆசிரியர் குடும்பங்கள் பிரசவம் முடிந்து திரும்புவதற்கு முன் என்னிடம் யோசனை கேட்க வருவதுண்டு. “ஐயா, கையோட என்ன மருந்து கொண்டு போகணும்?” என்றுதான் முதலில் கேட்பார்கள். மருந்து அப்புறம். எதை வாங்கிக் கொள்வது, எதை மறுப்பது, எப்போது மலை இறங்குவது... இந்த மூன்றும் தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது என்பேன்.

தேன் யாருக்கு?

தேன் எடுப்பது காணி மக்களின் பழைய தொழில். மலைத்தேன் அருமையான பொருள். எங்கள் சித்த வைத்தியத்தில் எத்தனையோ சூரணங்களைத் தேனில் குழைத்துத்தான் கொடுக்கிறோம். அதை நானே சொல்லிவிட்டு, அடுத்து இதையும் சொல்கிறேன். ஒரு வயது முடியும் வரை குழந்தையின் நாக்கில் ஒரு சொட்டுத் தேன்கூடப் படக் கூடாது. மோதிரத்தில் தொட்டு வைப்பதும் கூடாது.

ஏன்? ‘கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்’ என்ற கிருமியின் விதைகள் தேனில் இருக்கலாம். பெரியவர்கள் குடலில் அவை முளைப்பதில்லை. பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். மலம் கட்டும், பால் உறிஞ்ச முடியாமல் போகும், அழுகைச் சத்தம் குறையும், தலை துவளும், கடைசியில் மூச்சையே பாதிக்கும். 1976-ல் அமெரிக்காவில்தான் இது குழந்தைகளுக்கு வரும் தனி நோய் என்று முதலில் கண்டறிந்தார்கள். வீட்டில் காய்ச்சினாலும் அந்த விதைகள் சாகாது. சுத்தமான தேன், கலப்படத் தேன் என்ற பேச்சே இதில் கிடையாது.

அதற்காக, கொண்டு வந்தவர் முகம் வாடும்படி திருப்பி அனுப்ப வேண்டுமா? வேண்டாம். தேன் தாய்க்கு, பிள்ளைக்கு இல்லை! தாய் தாராளமாகச் சாப்பிடலாம். தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கு அந்தக் கெடுதல் போகாது. “நான் சாப்பிட்டாப் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்திரும்” என்று சொல்லி வாங்கி வையுங்கள். யார் மனசும் நோகாது.

மரச்சீனிக் கிழங்கையும் தாய் சாப்பிடலாம். தோலை நன்றாகச் சீவி, நிறையத் தண்ணீரில் வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கசக்கிற கிழங்கு வேண்டவே வேண்டாம்.

வசம்பும் உரைமருந்தும்

ஒரு ஆசிரியையின் கணவர் ஒருமுறை போனில் கேட்டார்: “டாக்டர், பிள்ளை ராத்திரி பூரா அழுதான். வசம்பைச் சுட்டு உரசிக் கொடுக்கச் சொல்லுதாங்க எங்க ஆச்சி. நீங்க சித்த வைத்தியர்தானே, கொடுக்கலாம்லா?”

“சித்த வைத்தியர் என்பதால்தான் வேண்டாம் என்கிறேன் தம்பி” என்றேன். வசம்பு வீரியமான சரக்கு. அளவு மீறினால் பெரியவர்களுக்கே வாந்தி எடுக்கும். பிறந்த குழந்தைக்கு அளவு பார்த்து உரச எந்த ஆச்சியாலும் முடியாது. கையில் வளையலாகக் கோத்துப் போடுவதும் வேண்டாம், குழந்தை அதைச் சப்பும். சுட்ட கரியைத் தொப்புளில் வைத்தால் சீழ் பிடிக்கும். தொப்புள்கொடி காய்ந்து தானாக விழட்டும். சுத்தமாக, ஈரமில்லாமல் வைத்தால் போதும்.

எங்கள் வைத்தியத்தில் குழந்தைகளுக்கென்றே ‘பாலவாகடம்’ என்று தனிப் பிரிவு உண்டு. பால் குடிக்கிற பிள்ளைக்கு ஒன்று என்றால், முதலில் தாயின் சாப்பாட்டையும் பத்தியத்தையும் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். ஆகவே முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள். சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், கிரைப் வாட்டர், உரைமருந்து எதுவும் வேண்டாம். வெயில் காலத்தில் தனியாகத் தண்ணீரும் வேண்டாம், தாய்ப்பாலிலேயே போதுமான தண்ணீர் இருக்கிறது.

மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி ஞாபகம் வரும். பிறந்த குழந்தைக்கு அதை அரைத்துக் கொடுக்கவே கூடாது. முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் பரவினாலும் வெயிலில் காட்டிக் கொண்டு உட்காராமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பச்சை உடம்புக்கு என்ன கொடுக்கலாம்?

“பிள்ளை பெத்தவ தண்ணி குடிச்சா வயிறு பெருத்துரும்” என்று சொல்லித் தண்ணீரை அளந்து கொடுக்கும் வீடுகள் இன்னும் உண்டு. தவறு! தாகத்துக்குத் தாராளமாகக் குடிக்க வேண்டும். மலையில் ஓடைத் தண்ணீரானால் கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள்.

நம் நெல்லைச் சீமையின் உளுந்தங்களி இருக்கிறதே, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டியது, அது பச்சை உடம்புக்கு நல்ல பலம். பூண்டைப் பாலில் வேக வைத்துச் சாப்பிடலாம். முருங்கைக்கீரை, பருப்பு, முட்டை, மீன் எல்லாமே நல்லது. ஆனால் கருப்பட்டியில் இரும்புச்சத்து இருக்கிறதே என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது. பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளைச் சாப்பிட வேண்டும்.

அப்பாவுக்கும் வேலை இருக்கு!

மலைக் குளிர் குழந்தைக்கு ஆகாது. அதற்காக விறகுப் புகையும் சாம்பிராணிப் புகையும் போட்டு அறையை மூடாதீர்கள். பிஞ்சு நுரையீரல் அதைத் தாங்காது. வேறு நல்ல வழி இருக்கிறது.

1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் எட்கர் ரே என்ற டாக்டர் ஒரு காரியம் செய்தார. எடை குறைந்த குழந்தைகளை வைக்க இன்குபேட்டர் போதவில்லை. கங்காரு தன் குட்டியைப் பையில் வைத்துக்கொள்வது போல, குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்துக் கட்டி வைக்கச் சொன்னார். சூடு கிடைத்தது, பாலும் கிடைத்தது. இன்று உலகமெங்கும் ‘கங்காரு பராமரிப்பு’ என்று இதைச் செய்கிறார்கள். அப்பாவும் செய்யலாம். சட்டையைக் கழற்றிவிட்டு, குழந்தையை மார்பில் சாய்த்து, மேலே போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்காருங்கள் சார். அந்த ஒரு மணி நேரம் அம்மா தூங்கட்டும்.

தூக்கத்தைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. “ஊரே வந்து பாக்குது டாக்டர், ஆனா மனசு விட்டுப் பேச ஒரு ஆள் இல்லை” என்று ஒரு ஆசிரியை சொன்னார். பிரசவமான முதல் வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் சோகம், தூக்கமின்மை, பிள்ளை மேலேயே வெறுப்பு என்று இருந்தால் அது வியாதி, வைத்தியம் தேவை. “எல்லாரும்தான் பிள்ளை பெறுதாங்க” என்று வாயை அடைக்காதீர்கள்.

எப்போது மலை இறங்க வேண்டும்?

பிரசவத்துக்கு நாள் குறித்திருந்தால், ஒன்பதாம் மாதம் பிறந்ததுமே கீழே வந்து உறவினர் வீட்டில் தங்குவதுதான் புத்திசாலித்தனம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் நாள் வந்தால் இன்னும் முன்னதாகவே இறங்குங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தை நாம் மறக்க முடியுமா? சமவெளியிலேயே பாதைகள் துண்டித்துப் போயினவே!

பிள்ளையோடு மலைக்குத் திரும்பிய பிறகு, கீழே உள்ளவற்றில் ஒன்று தெரிந்தாலும் யாரையும் கேட்டுக் கொண்டிருக்காமல் கிளம்ப வேண்டும்.

குழந்தைக்கு:
* பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது
* நிமிடத்துக்கு 60 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு, நெஞ்சுக்கூடு உள்வாங்குவது
* வலிப்பு
* உடம்பு கொதிப்பது அல்லது போர்த்தியும் சில்லென்று இருப்பது
* உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சள்
* தொப்புளைச் சுற்றிச் சிவப்பு, சீழ்

தாய்க்கு:
* ஒரு மணி நேரத்துக்குள் ஒரு துணி முழுக்க நனையும் அளவு ரத்தப்போக்கு
* காய்ச்சல், நாற்றமடிக்கும் போக்கு
* கடுமையான தலைவலி, கண் மங்கல், வலிப்பு

2008 முதல் தமிழ்நாட்டில் 108 வண்டி ஓடுகிறது. அந்த வண்டி உங்கள் ஊரில் எந்த இடம் வரை வரும், எந்தப் பாறையில் ஏறினால் சிக்னல் கிடைக்கும், அவசரத்துக்கு யாரிடம் ஜீப் இருக்கிறது, ராத்திரியில் வனத்துறை செக்போஸ்டில் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் பிள்ளை நன்றாக இருக்கும்போதே விசாரித்துச் சுவரில் எழுதி வையுங்கள். மூட்டுக்காணியிடமும் சொல்லி வையுங்கள். ஊர்த்தலைவர் அவர், ஆள் திரட்ட அவர் ஒரு சொல் போதும்.

தடுப்பூசி நாளையும் தவற விடாதீர்கள். பிறந்ததும் போட்டதற்குப் பிறகு 6, 10, 14-வது வாரங்களில் வரிசையாக உண்டு.

லீவும் தாய்ப்பாலும்

2021 ஜூலை 1 முதல், நிரந்தரப் பணியில் உள்ள அரசுப் பெண் ஊழியர்களுக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு 12 மாத விடுப்பைத் தமிழக அரசு அளித்தது. ஆகவே அரசு ஆசிரியைக்கு ஆறு மாதத் தாய்ப்பால் முடியாத காரியமே அல்ல. முன்னதாகவே வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள் பாலைச் சுத்தமான பாத்திரத்தில் பீய்ச்சி மூடி வைத்தால் நான்கு மணி நேரம் வரை சங்கில் புகட்டலாம். பாட்டில் வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டீச்சர் தன் பிள்ளைக்கு என்ன கொடுக்கிறார், எதை மறுக்கிறார் என்பதை அந்த ஊர்த் தாய்மார்கள் கவனித்துக் கொண்டே இருப்பார்கள். கரும்பலகையில் எழுதுவதைவிட வேகமாகப் பரவுகிற பாடம் அது. ஆகவே மேலே சொன்ன அறிகுறிகளைப் பெரிய எழுத்தில் இரண்டு அட்டைகளில் எழுதுங்கள். ஒன்று உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கட்டும். இன்னொன்றைப் பள்ளிக்கூடத்தில் மாட்டுங்கள். உங்கள் மாணவர்கள் வீட்டிலும் தொட்டில் ஆடுகிறதே!