சேற்றுக்குள் ஒரு வைப்பு

கோலார் தங்கவயலுக்கு நெடுங்காலம் குடிநீர் தந்தது பாலாற்றின் குறுக்கே அமைந்த பேத்தமங்கலம் ஏரி. பொன்னைத் தேடி 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியவர்களின் ஊரில், ஏரிச் சேற்றை எவர் பொருட்படுத்துவார்? நன்னீர் தேங்கிய இத்தகைய சேற்றைக் கோலால் கிளறினால் குமிழிகள் எழும். காற்றுப் புகாத இடத்தில் இலைதழைகள் மட்கும்போது நுண்ணுயிர்கள் உண்டாக்கும் மீத்தேன் அது. 100 ஆண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு புவியைச் சூடாக்கும்.

அதே பாலாறு வாயலூர் அருகே கடலைத் தொடுகையில் சேற்றின் குணம் மாறுகிறது. கடல்நீரில் சல்பேட் மிகுதி. அதைக்கொண்டு வாழும் நுண்ணுயிர்கள் முந்திக்கொண்டு உண்டுவிடுவதால், மீத்தேன் ஆக்கும் உயிர்களுக்கு மிஞ்சுவது சொற்பம். (கழிமுகத்தில் நாம் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அழுகிய முட்டை நாற்றம் முந்திக்கொண்டவற்றின் கைவரிசையே!) மட்காத கரிமமோ நூற்றாண்டுக் கணக்கில் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வங்கி வாடிக்கையாளர்களுக்குப் புரியும் மொழியில் சொன்னால், முதிர்வுத் தேதியே இல்லாத நிரந்தர வைப்பு.

ஆனால் இந்த வைப்பையும் கலைக்க முடியும். வழிகள் இரண்டு. ஒன்று சாக்கடை. தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட 2001-ஆம் ஆண்டில், அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பூர்வஜா, ரமேஷ் ஆகியோரின் ஆய்வு வெளிவந்தது. தூய்மையான பிச்சாவரத்தைவிட, கழிவுநீர் கலக்கும் அடையாற்றுக் கழிமுகமும் எண்ணூர்க் கழியும் மிகுதியாக மீத்தேன் விடுவதை அது காட்டியது. கழிவுநீர் உப்பைக் குறைக்கிறது. நுண்ணுயிர்களுக்கு விருந்தும் வைக்கிறது. சென்னையில் நாம் குழாய்வழி அனுப்பிவிட்டு மறந்துபோவது அங்கே வாயுவாகிறது.

மற்றொன்று கோடரி. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பிச்சாவரத்தில் முன்னாளில் அலையாத்தி மரங்களைக் கூட்டங்கூட்டமாக வெட்டினார்கள். வெயில்பட்ட மண் காய்ந்து அமிழ்ந்தது. காற்றுப் புகுந்த மண்ணில் கரிமம் கரியமில வாயுவாகிக் கரையும். பள்ளங்களில் தேங்கிய நீர் வற்றி உப்பு ஏற, புதுக்கன்றுகள் பிழைக்கவில்லை.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து அங்கே வாய்க்கால்கள் வெட்டினார்கள். மீன்முள் வடிவில் கிளைபிரிந்த அவ்வாய்க்கால்களில் ஓதநீர் ஏறி இறங்கியது, உப்புத் தணிந்தது. கரைகளில் நட்ட கன்றுகள் இன்று காடாக நிற்கின்றன.